குண்டு மயில் போன வழி

அத்தியாயம் 4

“மயிலு மாசமா இருக்குதுங்கம்மணி” என்றான் பச்சமுத்து.

அறிவுச்செல்வி அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சிரிப்பு வந்துவிடும். துப்பறிய அழைத்தவர் பக்கத்தில் நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது சிரித்துவைத்தால் பிழைப்பு என்னாவது?

இளம்பிள்ளை, வெள்ளிக்கிழமை காலை. குருமூர்த்தியின் தறிப்பட்டறையில், டிசைன் வரைகிற சின்ன அறை. மேசைமேல் இரண்டு பட்டுச்சேலைகள் முந்தி தெரிய விரிந்து கிடந்தன. ஒன்று குருமூர்த்தியின் தறியில் நெய்தது. அதில் மயில் கழுத்தை நீட்டி, இடுப்பு ஒடுங்கி, கல்யாணத்துக்குக் கிளம்பிய பெண் மாதிரி நின்றது. இன்னொன்று எதிர் வரிசைச் சந்திரசேகரின் தறியில் நெய்து, இதற்கு முன்பே கடைக்குப் போய், அங்கிருந்து வாங்கிவந்தது. அதே மயில், அதே கொண்டை, அதே தோகை. ஆனால் குண்டு. கழுத்து தோளுக்குள் புதைந்து, வயிறு தள்ளி, கல்யாணத்தில் பந்தி முடிந்து எழுந்த மாதிரி இருந்தது.

“இதோட நாலாவது டிசைனுங்க!” என்று குருமூர்த்தி மேசையைத் தட்டினார். நெற்றி நிறைய விபூதி, அதன் நடுவே ரூபாய் அளவு குங்குமம். “இந்த ரூம்புல வரையறது, நான் தறியில ஏத்தறதுக்குள்ள எதிர்த்த ஊட்டுல சேலையாத் தொங்குது. கம்ப்யூட்டரத் தொடறது இந்தப் புள்ள ஒருத்திதான். வேற யாரைச் சொல்லட்டும்?”

இந்தப் புள்ள என்று அவர் கை காட்டிய ரஞ்சிதா, டிசைனர். சுவரோடு சுவராக நின்றிருந்தாள். கண் சிவந்திருந்ததே தவிர, தலை குனியவில்லை.

“என்ற கையில வரஞ்சத நானே கொண்டுபோய்க் குடுப்பனுங்களா? எனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சுதுங்களா?”

“பேசாத. காலையிலயே சொல்லிட்டேன், நீ இனி இங்க வேலையில இல்ல. ராகு காலம் பொறக்கறதுக்குள்ள பட்டறைக்காரங்க சங்கத்துக்குப் போயி உன்ற பேரைச் சொல்லிட்டு வாரேன். அப்பறம் எந்தப் பட்டறையில உன்னச் சேத்தறாங்கன்னு பாக்கறேன்.”

சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காலையில் தறிகளை எல்லாம் நிறுத்தச் சொல்லி, சத்தம் அடங்கியபின், அத்தனை தறிக்காரர்கள் முன்னாலும் “இவ டிசைன் திருடி” என்று கூவியிருந்தார் மனுசன். இளம்பிள்ளையில் ஒரு டிசைனருக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் சேலை உலகத்தில் அவளுக்கு இடம் கிடையாது. வேறு ஊருக்கு ஓட வேண்டியதுதான்.

அறிவுச்செல்வி ஒரு காலத்தில் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெட்டிக்குள் காலை வைத்ததும் யாரிடம் டிக்கெட் இல்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று சூரமங்கலம் ஸ்டேஷனில் இன்னும் பேச்சு உண்டு. இப்போது செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி மாடியில் துப்பறியும் அலுவலகம். பச்சமுத்து திருச்செங்கோட்டுக்காரன், முன்பு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவன். ஆயிரம் அடி ஓட்டை போட்டும் சொட்டுத் தண்ணீர் வராத காடு கழனிகளை நிறையப் பார்த்தவன் என்பதால் எதற்கும் அசர மாட்டான். வாய் மட்டும் ஓயாது.

“மொதலாளி, ஒரு கேள்வி” என்றாள் அறிவுச்செல்வி. “ரஞ்சிதா பென் டிரைவுல போட்டுக் கொடுத்திருந்தா, எதிர் வீட்டுக்கு இந்த ஒல்லி மயில்தானே போயிருக்கணும்? போற வழியில எப்படிக் குண்டாச்சு?”

குருமூர்த்தி குண்டு மயிலைக் கண்ணருகே இழுத்துப் பார்த்தார்.

“நல்ல ஊட்டுல வாக்கப்பட்டிருக்குமுங்க” என்றான் பச்சமுத்து.

அறிவுச்செல்வி ஒரு அளவுநாடாவை எடுத்துக் குண்டு மயிலின் கட்டத்தை அளந்தாள். அகலமும் உயரமும் ஒன்று. அச்சு அசல் சதுரம். ஒல்லி மயிலின் கட்டமோ, அதே அகலம், உயரம் மட்டும் இரண்டு பங்கு.

“யாரோ இதை அமுக்கிச் சதுரமாக்கியிருக்காங்க. கையால வரைஞ்சு திருடுறவன் இப்படிச் செய்ய மாட்டான். எதையும் சதுரமாத்தான் விழுங்குவேன்னு அடம்பிடிக்கிற ஒண்ணோட வாய்க்குள்ள போய் வெளிய வந்திருக்கு இந்த மயில். பச்சண்ணா, அது எதுன்னு கண்டுபிடிச்சாத் திருடன் கிடைச்சிடுவான்.”

பச்சமுத்து கீபோர்டின்மேல் கையை ஊன்றிக் குனிந்தான். திரையில் ரஞ்சிதாவின் டிசைன்களுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு ஜன்னல் எட்டிப் பார்த்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கு மினுக்கென்று மின்னியது. திரையின் தலையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: கறுப்பை மூடாதே.

“இதென்னம்மிணி, கரிச்சட்டியாட்டம்?” என்று ரஞ்சிதாவைக் கேட்டான்.

“தெரியலீங்கண்ணா. நான் வேலைக்கு வாரதுக்கு முன்னாடி இருந்தே இருக்குது. கம்ப்யூட்டரப் போட்டாத் தானா வந்து உக்காந்துக்கும். மூடக்கூடாதுன்னு மொதலாளி உத்தரவுங்க.”

“அது தொழில் ரகசியம்” என்றார் குருமூர்த்தி கம்பீரமாக. அது என்னவென்று அவருக்கே மறந்துபோயிருந்தது முகத்தில் தெரிந்தது.

பச்சமுத்து கையை எடுத்தான். உள்ளங்கை செக்கச் சிவந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் துடைத்துவிட்டு, அப்புறம்தான் அது வெள்ளைச் சட்டை என்று நினைவு வந்து நொந்துகொண்டான்.

“பூஜை எப்ப மொதலாளி?” என்று கேட்டாள் அறிவுச்செல்வி, அவன் சட்டையையே பார்த்துக்கொண்டு.

“பத்து மணிக்கு. வாராவாரம் தவற மாட்டேன்.”

“அதுவரைக்கும் சங்கத்துக்குப் போகாதீங்க. எதிர் வீட்டுக்குப் போய் வந்திடுறோம்.”

*

சந்திரசேகர் திருட்டு முழி முழிப்பார் என்று பச்சமுத்து எதிர்பார்த்துப் போனான். அவரோ வாசலிலேயே வரவேற்று, காபி கொடுத்து, குண்டு மயில் சேலையைத் தாமே எடுத்து மடியில் விரித்தார்.

“இதுங்களா? வெளிநாட்டு டிசைனுங்க!”

பச்சமுத்துவுக்குக் காபி புரையேறியது.

“குருமூர்த்தி சொல்றது வேற மாதிரி இருக்கே” என்றாள் அறிவுச்செல்வி.

“அந்தாளுதானுங்க என்றதப் பாத்துக் காப்பியடிக்கறாரு! மொதல்ல கடைக்குப் போறது யாரு சேலைங்க? என்றதுதானுங்களே? அவரு நல்ல நாள் பாத்து, நட்சத்திரம் பாத்துத் தறியில ஏத்தறதுக்குள்ள நான் லோடே அனுப்பியிருவேன். அப்பறம் அதே மயில நோஞ்சானா நெய்துக்கிட்டு என்னத் திருடங்கறாரு. நல்லாருக்குதுங்களா இது?” மனுசனுக்கு உண்மையாகவே ஆதங்கம். “நம்பிக்கை இல்லீன்னா என்ற மகளக் கேளுங்க. கண்ணு மோனிஷா!”

கல்லூரியில் படிக்கும் மோனிஷா மடிக்கணினியோடு வந்தாள். திரையில் ஒரு முழு உலகமே ஓடிக்கொண்டிருந்தது. தெரு, கடல், மலை, மேலே பறக்கும் மனிதர்கள். இருக்கிற ஊரிலேயே பஸ் கிடைக்காமல் அல்லாடும் ஜனம், இல்லாத ஊரில் இறக்கை கட்டிப் பறந்துகொண்டிருந்தது.

“இது நெசமில்லாத உலகமுங்க. ஆளாளுக்கு ஒரு உருவம் எடுத்துக்கிட்டுச் சுத்துவோம். வீடு கட்டலாம், கடை போடலாம். அங்கிள், நீங்களும் வாரீங்களா? என்கிட்ட ஒரு உருவம் சும்மாத்தான் இருக்குது.”

அடுத்த நிமிடம் பச்சமுத்து பச்சைத் தலைமுடியும் பட்டாம்பூச்சி இறக்கையும் உள்ள ஒரு பெண்ணாகியிருந்தான். அம்புக்குறியைத் தட்டியதும் நேராகப் போய் ஒரு தென்னை மரத்தில் மோதினான்.

“இடிச்சதுக்கு வலிக்கலீங்கம்மணி. இங்கயே இருந்துக்கறேன்.”

“அண்ணா, மயில்” என்று நினைவூட்டினாள் அறிவுச்செல்வி.

மோனிஷா அவர்களை ஒரு சுவருக்கு முன் கூட்டிப் போய் நிறுத்தினாள். ஆள் இல்லாத ஒரு கடை. கூரை பாதி, கதவு கிடையாது. நீளமான சுவர் மட்டும் வானம் வரை போயிற்று. அதில் வரிசை வரிசையாகச் சதுரச் சதுரமாக இளம்பிள்ளைச் சேலை டிசைன்கள். குண்டு மயில், குண்டு அன்னம், நசுங்கிய கோபுரம், தட்டையான யானை. முன்னால் இறக்கை வைத்தவர்கள், வால் வைத்தவர்கள், தலைக்குப் பதில் பூந்தொட்டி வைத்தவர்கள் என்று பெருங்கூட்டம். ஒருத்தி குண்டு மயிலைச் சேலையாகக் கட்டியிருந்தாள். இன்னொருவன் அதையே சோபாவுக்கு உறையாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

“வெள்ளிக்கிழமைச் சுவருன்னு பேருங்க இதுக்கு” என்றாள் மோனிஷா. “கடைக்காரர் யாருன்னே தெரியாது, ஒரு நாளும் வந்ததில்ல. ஆனா வெள்ளிக்கிழமை காலையில சுவத்துல புதுசு தானா வந்து ஒட்டிக்கும். யாரு வேணா எடுத்துக்கலாம். எந்தெந்த நாட்டுல இருந்தெல்லாமோ வந்து காத்துக்கிட்டு நிப்பாங்க. நான் எடுத்துக் கட்டியிருந்தத அப்பா பாத்துட்டு, நல்லாருக்குதேன்னு தறிக்குக் கொண்டு போயிட்டாரு.”

“தானா எப்படி வந்து ஒட்டும்?”

“அதுக்கு ஒரு டூல் இருக்குதுங்க. பட்டன் கிடையாது, பொம்மை கிடையாது. கறுப்புத் திரையில எழுத்து மட்டும். கமாண்ட் லைன்னு சொல்லுவாங்க. ஒரு ஃபோல்டரக் காட்டி விட்டுட்டாப் போதும், அதுல புதுசா எந்தப் படம் விழுந்தாலும், அனுப்பவான்னு கேட்டுக்கிட்டே காத்துக்கிட்டு இருக்கும். எண்டர் தட்டினா அத்தனையும் அள்ளிக்கிட்டுப் போயி ஏத்திரும். இந்த உலகத்துக்குச் சதுரப் படம்தான் ஆகும். அதனால போற வழியிலயே அமுக்கிச் சதுரமாக்கிரும்.”

பச்சமுத்துவின் கண் சுவரின் ஒரு மூலையில் நின்றது. யானைக்கும் அன்னத்துக்கும் நடுவே, சேலை டிசைன் அல்லாத ஒரு படம். ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. அதை மடியில் வைத்திருப்பவரும் குண்டாக நசுங்கியிருந்தாலும், நெற்றிக் குங்குமம் காட்டிக் கொடுத்துவிட்டது.

“குருமூர்த்தி மொதலாளி! பேரனுக்குக் காது குத்து!”

“அப்ப இதெல்லாம் ரஞ்சிதா கம்ப்யூட்டர்ல இருந்துதான் வந்திருக்கு” என்றாள் அறிவுச்செல்வி.

பச்சமுத்து அம்புக்குறியிலிருந்து கையை எடுத்தான். கறுப்பு ஜன்னலை அவனே பார்த்திருக்கிறான். அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவது ரஞ்சிதா ஒருத்திதான். அந்தப் பிள்ளை திருடியில்லை என்று மனசுக்குள் எப்போதோ தீர்ப்பு எழுதி வைத்திருந்தான். இப்போது அதைக் கிழிக்கிற மாதிரி ஆகிவிட்டதே.

தெருவில் இறங்கியதும் கேட்டான். “அப்ப அந்தப் புள்ளதானுங்களா, அம்மணி?”

“வெள்ளிக்கிழமை காலையில மட்டும் ஏன், அண்ணா? திருடுறவளுக்கு நாள் கணக்கு எதுக்கு? நல்ல நாள் பார்த்துத் திருடுற ஆளா ரஞ்சிதா?”

“நல்ல நாள் பாக்கற ஆளு ஒருத்தருதானுங்களே...” என்று தொடங்கிய பச்சமுத்து நடுத்தெருவில் நின்றுவிட்டான். பிறகு மெதுவாகக் குனிந்து தன் சட்டையில் இருந்த சிவப்பைப் பார்த்தான்.

“வாங்க” என்றாள் அறிவுச்செல்வி. “சாட்சியைச் சட்டையிலயே சுமந்துகிட்டு என்னை எதுக்குக் கேக்கறீங்க? ஆனா சொன்னா மொதலாளி நம்ப மாட்டார். கண்ணால காட்டணும். அதுக்கு இதுவரைக்கும் உலகத்துல யாரும் வரையாத ஒரு டிசைன் வேணும்.”

*

“யாருமே வரையாததுங்களா?” ரஞ்சிதா திகைத்தாள். “நான்தான் வேலையில இல்லீங்களே?”

“அதனாலதான் கேக்கறேன். மொதலாளிக்காக வரைய வேண்டாம். உனக்காக வரை.”

“நாமக்கல்லு முட்டைங்க!” என்றான் பச்சமுத்து. “ஒடம்பு பூரா முட்டை. முந்தியில ஒரு கோழி. பார்டர்ல வரிசையா ரிக்கு வண்டி. எந்தப் பொம்பளையும் கட்ட மாட்டா, எந்தத் திருடனும் தொட மாட்டான்.”

ரஞ்சிதா முறைத்தாள். பிறகு அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்துவிட்டாள். மவுஸைப் பிடித்தவள் அப்புறம் நிமிரவே இல்லை. கோபமும் அழுகையும் எல்லாம் சேர்ந்து முட்டை முட்டையாக இறங்கின. கோழிக்கு அவள் வைத்த முழி, குருமூர்த்தி காலையில் கூவியபோது முழித்த அதே முழி. வரைந்து, ஃபோல்டரில் போட்டுவிட்டுக் கை உதறினாள்.

பத்து மணிக்குச் சாம்பிராணிப் புகையோடு குருமூர்த்தி வந்தார். வந்தவர் அறை வாசலில் மோனிஷா மடிக்கணினியோடு நிற்பதையும், அவள் பின்னால் சந்திரசேகர் நிற்பதையும் பார்த்துத் திடுக்கிட்டார்.

“இந்தாளு எதுக்கு என்ற பட்டறைக்குள்ள?”

“சாமி கும்பிட வந்திருக்கார்” என்றாள் அறிவுச்செல்வி. “நீங்க வழக்கம்போல நடத்துங்க மொதலாளி. ஒண்ணு விடாம, வாராவாரம் செய்யற மாதிரியே.”

வழக்கப்படி, பூஜைக்கு முன்னால் கம்ப்யூட்டர் ஓய்வெடுக்க வேண்டும். ரஞ்சிதா கம்ப்யூட்டரில் திறந்திருந்த வேலைகளை ஒவ்வொன்றாக மூடினாள். எல்லாம் போனபின் திரையில் மிஞ்சியது உத்தரவுப்படி மூடாத அந்தக் கறுப்பு ஒன்றுதான். வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டு காத்திருந்தது.

குருமூர்த்தி மணி அடித்தார். சூடம் காட்டினார். திரையின் நெற்றிக்குச் சந்தனம் வைத்தார். பிறகு குங்குமத்தில் விரலைத் தோய்த்து, கண்ணை மூடி, முருகா என்று சொல்லிக்கொண்டே கீபோர்டின் எண்டர் பட்டன்மேல் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார்.

கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடின.

“வந்துருச்சு!” என்று மோனிஷா கத்தினாள்.

மடிக்கணினியை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைச் சுவரில், குண்டு மயிலுக்குப் பக்கத்தில், முட்டைச் சேலை முளைத்திருந்தது. அமுக்கியதில் முட்டையெல்லாம் உருண்டு லட்டாகியிருந்தன. கோழி மட்டும் அதே முழி.

குருமூர்த்தி தன் விரலைப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

“கொரோனா சமயத்துல யாராவது வந்து, இனி கடையெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளதான்னு சொன்னாங்களா மொதலாளி?” என்று கேட்டாள் அறிவுச்செல்வி.

“பெங்களூருல இருந்து ஒரு பையன் வந்தான்...” குருமூர்த்தியின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. “அந்த ஒலகத்துல கடை கட்டிக் குடுத்தான். இந்தக் கறுப்ப மூடினாக் கடை போயிரும்னான். ஒருத்தனும் வரல. நானும் மறந்துட்டேன்...”

“கடை மறக்கல. உங்க டிசைனை வாராவாரம் ஊரெல்லாம் இனாமாக் கொடுத்துகிட்டு இருந்தது நீங்கதான். சாமி சாட்சியா.”

“ஏனுங்க மொதலாளி, ஒரு சந்தேகம்” என்றான் பச்சமுத்து. “அத்தன பட்டன் இருக்கறப்ப எண்டருக்கு ஏனுங்க பொட்டு? ஸ்பேஸ் பார் இன்னும் பெருசுங்களே?”

“அது படுத்துக்கிட்டு இருக்குதப்பா” என்றார் குருமூர்த்தி பரிதாபமாக. “எண்டருதான் எந்திரிச்சு நிக்குது.”

சந்திரசேகர் இது எதையும் கேட்கவில்லை. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார். சுவருக்கு முன்னால் தள்ளுமுள்ளு. இறக்கைக்காரி ஒருத்தி மயிலை அவிழ்த்துவிட்டு முட்டையைக் கட்டிக்கொண்டாள். பூந்தொட்டித் தலையன் சோபாவுக்கு உறை மாற்றிவிட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தெருவே முட்டையாகிவிட்டது.

“அடடா, அடடா! இதையல்லவா தறியில ஏத்தணும்!”

“கைய எடு! அது என்ற முட்டை!” என்று குருமூர்த்திக்கு உயிர் வந்தது.

“இல்லைங்க” என்றாள் அறிவுச்செல்வி. “காலையில தறியை நிறுத்தி ஊருக்கே கேக்கற மாதிரி ரஞ்சிதாவை வேலையை விட்டு நிறுத்தினது யாரு? முட்டை அதுக்கப்புறம் இட்டது. அது ரஞ்சிதாவோடது.”

குருமூர்த்தி ரஞ்சிதாவைப் பார்த்தார். “கண்ணு... தப்பு என்ற பேருலதான். நீ இங்கயே இருந்துக்க. சரியா?”

ரஞ்சிதா தறிகள் பக்கம் கை காட்டிச் சொன்னாள்.

“என்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுங்க. காலையில எப்படிச் சொன்னீங்களோ அப்படிச் சொல்லுங்க. தறிய நிறுத்திட்டு.”

நல்ல நாள், கெட்ட நாள், ராகு காலம் எதற்கும் தறியை நிறுத்தாத மனுசன், ஒரே நாளில் இரண்டாவது முறை நிறுத்தினார். பட்டறை அமைதியானது. தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குருமூர்த்தி கூவ முயன்றார், குரல் உடைந்தது, மறுபடி கூவினார்.

“ரஞ்சிதா திருடலீங்க! திருடினது நான்தான்! என்றத நானே!”

“எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க” என்றது தறிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல். “அந்தப் புள்ள மேல யாருக்குங்க சந்தேகம்? நீங்க ஒருத்தருதான்.”

ரஞ்சிதா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பச்சமுத்து சட்டையின் சிவப்புப் பக்கத்தை மறைத்து, வெள்ளைப் பக்கத்தால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டான். புகை என்று சொன்னான். சாம்பிராணி எப்போதோ அணைந்திருந்தது.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. குருமூர்த்தி அறைக்குத் திரும்பி, பவ்யமாக, கைகட்டாத குறையாக நின்றார்.

“இப்ப அந்த முட்டை, கண்ணு?”

ரஞ்சிதா முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். திரையின் தலையில் இருந்த காகிதத்தைக் கிழித்தாள். கறுப்பை மூடினாள். உலகம் ஒன்றும் முழுகிப் போகவில்லை. மோனிஷாவின் மடிக்கணினியில் சுவர் அப்படியேதான் நின்றது.

“யோசிச்சுச் சொல்றேனுங்க” என்றாள் குருமூர்த்தியிடம். பிறகு சந்திரசேகர் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, உங்க தறியில மஞ்சக்கரு கலரு நல்லா வருமுங்களா?”